ஓடம் வண்டியில் ஏறிய நாள்

"ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும்" என்ற பழமொழியைப் பள்ளிக்கூட நாளில் குறைந்தது பத்துக் கட்டுரைகளிலாவது எழுதியிருப்பேன். செல்வம் நிலையாமை என்று தலைப்புக் கொடுத்தால் அதை எழுதுவேன். காலத்தின் கோலம் என்று கொடுத்தாலும் அதையே எழுதுவேன். தமிழ் வாத்தியாரும் சளைக்காமல் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் சிவப்பு மையால் 'நன்று' என்று போடுவார்.

வண்டி ஓடத்தில் ஏறுவதை நான் சிறு பையனாக இருந்தபோதே பார்த்துவிட்டேன். என் அக்காவைச் சிதம்பரத்துக்குத் தெற்கே, பழைய கொள்ளிடத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில் கொடுத்தார்கள். கல்யாணம் ஆகி அவள் புக்ககம் போனபோது, கட்டிலும் பித்தளைப் பாத்திரங்களும் ஏற்றிய வண்டியை மாடுகளை அவிழ்த்துவிட்டு அப்படியே ஓடத்தில் உருட்டி ஏற்றினார்கள். மாடுகள் ஓடத்தின் பக்கத்தில் மூக்கை மட்டும் தூக்கிக்கொண்டு நீந்தி வந்தன. எனக்கு அப்போது பத்து வயது. அக்கா அழுததுகூட எனக்கு ஞாபகம் இல்லை. மாடு நீந்தியதுதான் ஞாபகம் இருக்கிறது.

ஆனால் ஓடம் வண்டியில் ஏறுவது எத்தனை சிரமமான காரியம் என்பது 2018-ஆம் வருஷம் ஆகஸ்டு 19-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை வரையில் எனக்குத் தெரியாது. இந்தப் பழமொழியைச் செய்த புண்ணியவான் ஒருகாலும் ஓர் ஓடத்தை வண்டியில் ஏற்றிப் பார்த்திருக்க மாட்டான் என்பது என் அபிப்பிராயம். பார்த்திருந்தால் 'ஏறும்' என்று இவ்வளவு சுலபமாக ஒரு வார்த்தையில் முடித்திருக்க மாட்டான்.

அந்த ஆகஸ்டு மாதத்தைப் பலரும் மறந்திருக்க முடியாது. கேரளம் முழுவதும் வெள்ளத்தில் கிடந்தது. அதே மழைதான் கபினியையும் கிருஷ்ணராஜ சாகரையும் நிரப்பி வழியவிட்டது. மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடியை ஒட்டித் தண்ணீர் இறங்கியது. அவ்வளவையும் காவேரி தாங்காது. முக்கொம்பில் மிஞ்சியதெல்லாம் கொள்ளிடத்துக்குத்தான் போகும். காவேரிக்குப் பெயரும் புகழும்; வெள்ளத்தைச் சுமந்து கடலில் கொண்டுபோய்க் கொட்டுகிற வேலை கொள்ளிடத்துக்கு. கடைசியில் அது வந்து சேருகிற இடம் சிதம்பரத்துக்குத் தெற்கே இருக்கிற பெராம்பட்டு, கீழகுண்டலபாடி, ஜெயங்கொண்டபட்டினம் பக்கம். ஆற்றுக்கும் பழைய ஆற்றுக்கும் நடுவே கிடக்கிற திட்டுக்கள். வேடிக்கை என்னவென்றால், இங்கே வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. சுள்ளென்று வெயில் அடிக்கிறது. வெயிலிலேயே ஊர் முழுகுகிறது. குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை நம் வீட்டு வாசற்படியை வந்து தட்டுகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் அக்காவுடன் செல்போனில் பேசினேன். தண்ணீர் திண்ணைக்கு வந்துவிட்டதாம். பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லோரும் முகாமுக்குப் போய்விட்டார்கள். அக்காவையும் அழைக்க இரண்டு தடவை படகு வந்தது. அவள் ஏறவில்லை.

"ஏன் அக்கா ஏறவில்லை?"

"லட்சுமியை ஏற்ற மாட்டேன் என்கிறார்களே, நான் எப்படியடா ஏறுவேன்?"

லட்சுமி அவளுடைய பசு. மனிதர்களையே ஏற்றி மாளாதபோது பசுவை எப்படி ஏற்றுவார்கள்? படகுக்காரர்கள் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அக்காவிடமும் நியாயம் பேசிப் பயன் இல்லை. அத்திம்பேர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, பிள்ளை வெளிநாட்டில். அந்த வீட்டில் அவள் பேசுவதைக் கேட்கிற ஜீவன் அது ஒன்றுதான். "மாடிப்படியில் நாலாவது படி வரைக்கும் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று போனை வைத்துவிட்டாள். அவளுக்கு வயது எழுபத்தாறு.

அன்று ராத்திரி டெலிவிஷனில் கேரளத்துக் காட்சிகளைக் காட்டினார்கள். கொல்லத்திலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர்ப் பக்கம் போனார்கள். கடலைப் பார்த்தே பழகிய படகுகள், மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே தார் ரோட்டில் வரிசையாகப் போயின. அப்படி அறுநூறுக்கு மேற்பட்ட படகுகள் போய் ஆயிரக்கணக்கான ஜனங்களைக் கரை சேர்த்ததாகப் பின்னால் கணக்குச் சொன்னார்கள். ஒரு மீனவர் தண்ணீரில் குனிந்து தம் முதுகையே படிக்கட்டாகக் கொடுத்து, பெண்களைப் படகில் ஏற்றிய காட்சியையும் அந்த நாளில் பார்க்காதவர் கிடையாது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. கேரளத்துப் படகு மலை ஏறுமானால், கடலூர்ப் படகு சிதம்பரத்துக்குப் போகாதா? வழி முழுக்கச் சமதரை. நாற்பத்தைந்து கிலோ மீட்டர்தான்.

விடிவதற்கு முன்பே தேவனாம்பட்டினத்துக்குப் போனேன். அங்கே எனக்கு ஒரு பெரியவரைத் தெரியும். என்னைவிட நாலு வயது மூத்தவர். இருபது வருஷமாக அவரிடம் கடல் சமாசாரம் கேட்டுக் கேட்டுத்தான் என் நாவல் ஒன்றை எழுதினேன். அந்த நாவலில் கதாநாயகன் ஒரு புயல் ராத்திரியில், எந்தக் காற்றுக்கும் அவிழாத முடிச்சுப் போட்டுத் தன் கட்டுமரத்தைக் காப்பாற்றுகிறான். பத்திரிகையில் அந்த அத்தியாயத்துக்கு நிறையப் பாராட்டுக் கடிதங்கள் வந்தன. பெரியவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, "அவுக்க முடியாத முடிச்சைப் போட்டுட்டு அவன் எப்படி சார் கரைக்கு வந்து மரத்தைப் பிரிப்பான்?" என்றார். அதோடு சரி. இன்றுவரை அந்த நாவலைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் அதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடித்தது.

விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆத்துல இழுப்பு இருக்குமா, நின்ன தண்ணியா?"

"ஊருக்குள்ளே நின்ற தண்ணீர்தான். தெருவில் இடுப்பளவு, வயல்வெளியில் ஆளுயரம் என்கிறாள்."

"மாடு வேற இருக்குதுன்னு சொல்றீங்க."

"மாட்டை விட்டுவிடச் சொல்லிப் பார்க்கிறேன், அண்ணே."

"விடமாட்டாங்க. ரெண்டு படகு வேணும்" என்றார்.

ஏன் இரண்டு என்று நான் கேட்கவில்லை. ஒன்று பழுதானால் ஒன்று என்ற அர்த்தத்தில் சொல்லுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

படகு என்றால் விசைப்படகு அல்ல. உப்பனாற்றிலும் கெடிலத்தின் கழிமுகத்திலும் நண்டு வலையும் இறால் வலையும் போடுகிற சின்ன பைபர் வள்ளம். பதினாறு அடி நீளம், மூன்றரை அடி அகலம். இரண்டு ஆள் துடுப்புப் போடலாம். ஒடுங்கி உட்கார்ந்தால் ஆறு பேர் போகலாம். நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். பெரியவருடையது ஒன்று, அவர் தம்பி மகனுடையது ஒன்று.

இனி வண்டி. மீன் ஏற்றுகிற 'குட்டி யானை' ஒன்று கரையிலேயே நின்றது. அதன் தட்டு ஏழடி. பதினாறு அடிப் படகை அதில் வைத்தால் பாதிக்கு மேல் பின்னால் தொங்கும். பெரிய லாரிக்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எங்கே போவது? கடைசியில் பெரியவரின் மருமகப்பிள்ளை ஓட்டுகிற கலியாண வேன் ஒன்று வந்தது. மேலே சாமான் வைக்க இரும்புக் கேரியர் உண்டு. மாப்பிள்ளை வீட்டாரின் பெட்டி படுக்கைகளைத் தவிர வேறொன்றையும் அது சுமந்ததில்லை. பின் கண்ணாடியில் முந்தின நாள் கலியாணத்தின் மணமக்கள் பெயர் இன்னும் ஒட்டியிருந்தது.

"இதுவே பழைய கட்டுமரமா இருந்தா இந்தத் தொல்லை இல்ல சார்" என்றார் பெரியவர். உண்மைதான். கட்டுமரம் என்பது ஒரே சாமான் அல்ல. சேர்த்துக் கட்டிய மூன்று நாலு மரங்கள். கடலிலிருந்து வந்ததும் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு மரமாகத் தோளில் தூக்கிக்கொண்டு போய் மணலில் உலர்த்துவார்கள். உலராவிட்டால் மரம் தண்ணீர் குடித்துக் கனத்துப் போகும். மறுநாள் விடியலில் மறுபடி கட்டு. தினம் கட்டுவதும் தினம் அவிழ்ப்பதுமாக ஒரு கப்பல்! இந்தச் சோழமண்டலக் கரையில் ஆணி அடித்த படகுக்கு அந்த நாளில் மதிப்புக் குறைவு. கரையோர அலையில் ஆணி அடித்த பலகை பிளந்து போகும். வெள்ளைக்காரன் காலத்தில் தூரத்தில் நின்ற கப்பல்களிலிருந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்த மசூலாப் படகைக்கூடத் தென்னங்கயிற்றால் பலகை பலகையாகத் தைத்துத்தான் செய்தார்கள். அலை அடித்தால் அது நெளிந்து கொடுக்கும். 2004 டிசம்பரில் வந்த ஆழிப் பேரலைக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் பைபர் படகுகளைக் கொண்டுவந்து குவித்தன. கட்டுமரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை விட்டுப் போயிற்று. பைபர் படகு வேகமாகப் போகும், மோட்டார் தாங்கும். ஆனால் பிரிக்க முடியாது, நெளியவும் தெரியாது.

கேரியரின் அகலம் ஐந்தடி. இரண்டு படகையும் பக்கம் பக்கமாகக் கவிழ்த்தால் ஏழடி. இரண்டு பக்கமும் ரோட்டுக்கு இறக்கை விரித்த மாதிரி இருக்கும். ஒன்றின்மேல் ஒன்று வைக்கலாமென்றால் கீழே உள்ளதன் முதுகு கனம் தாங்காது. டிரைவர் தலையைச் சொறிந்தார். நான் ஓர் எழுத்தாளனுக்குரிய முறையில் நாலைந்து யோசனைகள் சொன்னேன். பெரியவர் ஒன்றையும் காதில் வாங்காமல், ஆள் அனுப்பி நாலு சவுக்குக் கட்டைகள் கொண்டு வரச் சொன்னார். இரண்டைக் கேரியரின் குறுக்கே முன்னும் பின்னுமாகக் கட்டினார். மற்ற இரண்டையும் அவற்றின் நடுவில் செங்குத்தாக நிறுத்திக் கட்டினார். அடியில் சாக்கும் பழைய டயர்த் துண்டும் போட்டார். பிறகு இரண்டு படகையும் விளிம்பில் நிறுத்தி, நட்ட கட்டைகளின்மேல் முதுகோடு முதுகாக ஒருக்களித்துச் சாய்த்தார். வெடித்த இலவங்காயின் இரண்டு ஓடுகளைப் போல அவை நின்றன. அகலம் ஐந்தடிக்குள் அடங்கிவிட்டது. உயரம்தான் அதிகமாயிற்று. கீழே நின்று பார்த்தபோது ஏதோ ஊர்ச் சப்பரம் கிளம்புகிற மாதிரி இருந்தது.

இனிமேல்தான் கட்டு. டிரைவர் கொக்கி வைத்த ரப்பர்க் கயிறுகளை எடுத்தார். பெரியவர் அவற்றை வாங்கி டிரைவர் சீட்டிலேயே போட்டுவிட்டார். "இது பெட்டிக்கு. படகு காத்துல எழும்பினா இதுவும் கூடவே எழும்பும்" என்றார். அவர் கட்டிய விதத்தை நான் கூடவே நின்று பார்த்தேன். கயிற்றின் நடுவில் ஒரு காது போடுகிறார். வாலைக் கேரியர்க் கம்பிக்குக் கீழே கொண்டுபோய், திருப்பி அந்தக் காதுக்குள் நுழைத்துக் கீழே இழுக்கிறார். இழுக்கிற ஆள் ஒருவர். இறுகுவது இரண்டு ஆள் பலத்துக்கு. பிறகு வாலை ஒரு மடிப்பாக மடித்துச் சொருகுகிறார். எத்தனை உலுக்கினாலும் அசையாது. வாலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் முழுவதும் அவிழ்ந்துவிடும். லாரிக்காரர்களும் இப்படித்தான் கட்டுகிறார்கள் என்று பிறகு கவனித்தேன். தினம் நம் கண் எதிரே போகிற சங்கதி; நாம் பார்த்ததில்லை.

குறுக்கே நாலு கட்டு. முன் மூக்கிலிருந்து கீழே பம்பருக்கு இரண்டு கட்டு, பின்னாலும் இரண்டு. டிரைவரிடம் தட்டையான நைலான் பட்டை ஒன்று இருந்தது. அதையும் மேலே போட்டு, நடுவில் ஒரு முறுக்கு முறுக்கி இழுத்தார். முறுக்கு எதற்கு என்று கேட்டேன். "முறுக்கலேன்னா காத்துல பாடும் சார். பாடிக்கிட்டே தேயும்" என்றார்.

பின்பக்கத்துக் கட்டு ஒன்று பாக்கி இருந்தது. பெரியவர் முன்னால் குனிந்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாகக் கயிற்றைப் பற்றிக் கேட்டவன், நாவலே எழுதியவன், ஒரு முடிச்சுப் போடமாட்டேனா? அந்தக் கயிற்றை நானே எடுத்துக் கட்டினேன். காது, நுழைப்பு, இழுப்பு எல்லாம் அவர் செய்த மாதிரியே செய்தேன் என்றுதான் நினைத்தேன். முனையில், என் மனைவி கொடுத்த சிவப்பு ரவிக்கைத் துணியையும் அடையாளத்துக்குக் கட்டித் தொங்கவிட்டேன். நீட்டிக்கொண்டு போகிற கம்பி லாரிகளால் விபத்துகள் பெருகி, 2014-ல் மத்திய மோட்டார் விதியையே திருத்தியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எனவே நெஞ்சில் கொஞ்சம் திகிலும் இருந்தது.

குப்பத்துத் தெருவைத் தாண்டுவதற்கே அரை மணி ஆயிற்று. பேரன் கவட்டைக் கழியோடு முன்னால் நடந்து, தாழ்ந்த மின்சாரக் கம்பிகளுக்கு அடியில் படகு தட்டாமல் போகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கைகாட்டினான். கெடிலம் தாண்டி, பழைய பட்டினம் தாண்டி, பெரிய ரோட்டில் ஏறினோம். ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். இறங்கிப் போய்க் கொள்ளிடத்துக்குப் போகிறோம் என்றேன். மேலே ஒரு தடவை பார்த்தார். பிறகு கலியாணப் பெயரைப் பார்த்தார். "மெதுவாப் போங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம். வண்டி முப்பது கிலோ மீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. எங்களைத் தாண்டிப் போன பஸ்களிலிருந்தெல்லாம் குழந்தைகள் கை ஆட்டின. டிரைவர் அப்பர் சுவாமியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். கல்லிலே கட்டிக் கடலில் போட்டும் மிதந்து வந்து கடலூரில் கரையேறியவர் அல்லவா அவர்? திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கத்தில் கரையேறவிட்டகுப்பம் என்று ஊரே இருக்கிறது. "கல்லே படகாச்சு, நமக்குப் படகே இருக்குதுல்ல சார்" என்றார். வாஸ்தவம். ஆனால் அப்பரைக் கட்டியவன் யார், அந்தக் கட்டு எப்போது அவிழ்ந்தது என்பதில் என் புத்தி போயிற்று. வேலையில்லாத புத்தி இப்படித்தான் போகும்.

வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறினோம். அதுவரையில் ரோட்டின் இரு பக்கமும் மரமும் வீடும் மறைப்பாக இருந்தன. பாலத்தின்மேல் ஒன்றும் இல்லை. காலை நேரத்து மேல்காற்று, ஆற்றின் வழியே நீளமாக ஓடி வந்து, நின்றுகொண்டிருந்த அந்த இரண்டு படகுகளின் பக்கவாட்டில் ஒரு பாயில் மோதுவதுபோல மோதியது. வண்டி ஒரு சாண் கிழக்கே நகர்ந்தது. தலைக்குமேல் 'கிறீச்' என்று ஒரு சப்தம். பிறகு 'தட், தட்' என்று யாரோ கூரையைத் தட்டுகிற மாதிரி.

"நிறுத்து!" என்றார் பெரியவர். கத்தவில்லை.

இறங்கிப் பார்த்தோம். மேற்குப் பக்கத்துப் படகின் பின்புறம் ஒரு முழம் நகர்ந்து, கேரியருக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. மற்றக் கட்டுகள் பிடித்துக்கொண்டிருந்ததால் நின்றது. பின்னால் இருந்த ஒரு கயிறு மட்டும் அவிழ்ந்து, பாலத்தின் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தது. சிவப்புத் துணி போன இடம் தெரியவில்லை. எங்களுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. ஓட்டி வந்தவன் பின்னால் மனைவியும், நடுவில் ஒரு குழந்தையும். அந்தப் படகு முழுவதும் விழுந்திருந்தால் யார்மேல் விழுந்திருக்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் கால் இரண்டும் நடுங்க ஆரம்பித்தன. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

பெரியவர் அந்தக் கயிற்றின் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தார். யார் போட்டது என்று கேட்கவில்லை, அவருக்குத் தெரியும். நானே சொன்னேன்: "நான்தான் அண்ணே கட்டினேன்."

"இது புஸ்தகத்துல போட்ட முடிச்சா சார்?" என்றார்.

சிரிக்கவில்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாற்போல இருந்தது. படகை இருவரும் தூக்கித் தள்ளி இடத்தில் வைத்தார்கள். மறுபடி கட்டினார். கட்டும்போது, "வாலை மடிக்காம அப்படியே சொருகிட்டீங்க. அதுவும் மேலேர்ந்து. நைலான் வேற வழுக்கும்" என்று மட்டும் சொன்னார். அந்த மோட்டார் சைக்கிள்காரனைப் பார்த்துக் கும்பிட்டேன். அவன் எதற்கென்று தெரியாமல் திருப்பிக் கும்பிட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ஐந்து கிலோ மீட்டருக்கு ஒரு தடவை பெரியவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். எட்டுக் கட்டையும் கையால் இழுத்துப் பார்த்தார். நான் சும்மா நின்றேன்.

சிதம்பரத்தைச் சுற்றிக்கொண்டு வல்லம்படுகைக்குப் போய், அங்கிருந்து கரையோடு கிழக்கே போனோம். ரோடு முடிந்த இடத்தில் தண்ணீர் இருந்தது. அதாவது ரோடு முடியவில்லை; தண்ணீருக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. பெரியவர் வால்களை ஒவ்வோர் இழுப்பாக இழுத்தார். எட்டுக் கட்டும் அவிழ ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. படகுகளை இறக்கினோம். அவை தண்ணீரைத் தொட்டதும், அதுவரை பூதம்போல இருந்தவை சின்னப் பொருள்களாகிவிட்டன.

நெல் நாற்றுக்கு மேலே துடுப்புப் போட்டுக்கொண்டு போவது விசித்திரமான அநுபவம். வேலி முள் அடியில் உரசியது. "2015 வெள்ளத்துல நம்ம ஜில்லாவுல பாத்தோமே, தண்ணியைவிட வேலிதான் எமன்" என்று பெரியவர் குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். அக்கா மாடி முகப்பில் நின்றுகொண்டிருந்தாள். லட்சுமி திண்ணையில் வயிறளவு தண்ணீரில் நின்றது. ராத்திரி முழுவதும் அங்கேயே நின்றிருக்கிறது.

இரண்டு படகு எதற்கு என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பசுவைத் தண்ணீரில் இறக்கி, இரண்டு பக்கமும் இரண்டு படகுகளை அணைத்து நிறுத்தினார்கள். ஒரு படகிலிருந்து பெரியவரும், மற்றதிலிருந்து அவர் தம்பி மகனும் அதன் தாடையைக் கீழிருந்து தாங்கிக்கொண்டார்கள். "மூக்கு மேல இருந்தா மாடு முழுகாதும்மா. ஒரு பக்கமா புடிச்சா மிரண்டு படகைக் கவுத்துடும். ரெண்டு பக்கமும் சொவரு மாதிரி இருந்தா பேசாம வரும்" என்று அக்காவுக்குச் சமாதானம் சொன்னார். அக்கா பெரியவரின் படகில், பசுவின் நெற்றிமேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் பேரனும் துடுப்புப் போட்டோம். நான் போட்டது துடுப்பா என்பது வேறு விஷயம்.

பாதி வழியில் அக்கா, "நான் வந்தபோதும் மாடு இப்படித்தான்டா நீந்தித்து" என்றாள். அறுபது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஆகிவிட்டது. நான் மட்டும்தான் அதை ஞாபகம் வைத்திருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

பசுவைக் கரைமேட்டில் ஒரு தெரிந்தவர் கொட்டகையில் கட்டிவிட்டு, அக்காவைக் கடலூருக்கு அழைத்துக்கொண்டு வந்தோம். படகுகள் திரும்பவில்லை. தெருவில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள், ஆடுகள் இருந்தன. பெரியவர் தம்பி மகனை அங்கேயே விட்டுவந்தார். 22-ந் தேதி ராத்திரி, ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டி முடித்த முக்கொம்புக் கொள்ளிடம் மேலணையில் ஒன்பது மதகுகள் உடைந்து போயின என்று செய்தி வந்தபோது, அக்கா விடியும் வரையில் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அணைக்கு அப்பால்தானே தன் மாடு இருக்கிறது என்று. படகுகள் அங்கேயே இருக்கின்றன என்று நூறு தடவை சொன்னேன்.

அடுத்த வாரம் தண்ணீர் வடிந்தது. படகுகளைக் கொண்டுவர அதே கலியாண வேனில் போனோம். இப்போது கண்ணாடியில் வேறொரு ஜோடியின் பெயர் இருந்தது. பெரியவர் ஏழு கட்டுகள் கட்டிவிட்டு, எட்டாவது கயிற்றை என் கையில் கொடுத்தார். நான் வேண்டாம் என்றேன். அவர் கையை நீட்டிக்கொண்டே நின்றார். கட்டினேன். வாலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார், அவிழ்ந்துவிட்டது. "கட்டுங்க" என்றார். மறுபடி கட்டினேன். அந்த முறை உலுக்கினார், நெகிழ்ந்தது. "கட்டுங்க" என்றார். டிரைவர் பீடி பற்ற வைத்துக்கொண்டு கரைமேட்டில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கடைசியில் அவர் ஒன்றும் சொல்லாமல் வண்டியில் ஏறிக்கொண்டார்.

வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது நான் டிரைவரை நிறுத்தச் சொன்னேன். இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். பெரியவரும் இறங்கி வந்தார். கயிற்றை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "போலாம் சார். புதுச்சத்திரத்துல டீ குடிக்கலாம்" என்றார்.

ரவிக்கைத் துணியைப் பற்றி என் மனைவி இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.